தோர்னக்கல்: ஒரு சபை தன் மக்களிடம் என்ன கேட்டது?

வேதநாயகம் சாமுவேல் அசரியாவைப் பற்றிப் பேச எழுகிற எவரும் "முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர்" என்ற பட்டத்தில் தொடங்கி, பெரும்பாலும் அதிலேயே முடித்துவிடுகிறார்கள். பட்டம் உண்மைதான். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவருக்கு அபிஷேகம் நடந்தது. ஆனால் சபைக்குள் ஒருவரின் குணமும் ஊழியமும் எப்படிச் சோதிக்கப்படுகின்றன என்று அறிய விரும்புகிறவருக்கு அந்த ஒரு நாள் அதிகம் சொல்லித்தராது. அதற்கு முந்தைய 10 ஆண்டுகளும் பிந்தைய 32 ஆண்டுகளும்தான் ஆய்வுக்கு உரியவை. நிஜாம் ராஜ்யத்தில் ஒரு ரயில் சந்திப்பைச் சுற்றியிருந்த சிற்றூருக்குப் போய், எழுத்தறியாத கூலிக்காரர்களிடம் அவர் எதைக் கேட்டார், அவர்கள் எதைக் கொடுத்தார்கள் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

கொடுக்கத் தெரிந்த சபை

1900 வாக்கில் திருநெல்வேலித் திருச்சபை இளைய சபை அல்ல. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா கட்டிய ஆலயம் 1785ஆம் ஆண்டுக்குரியது. மெஞ்ஞானபுரத்துக் கோபுரம் தேரிக்காட்டுக்கு மேலே தலை தூக்கி நின்றது. ஊருக்கு ஊர் உபதேசியார் இருந்தார், இந்தியக் குருமார் இருந்தார்கள், பள்ளிக்கூடம் இருந்தது. உலை வைக்குமுன் கைப்பிடி அரிசி எடுத்து வைப்பது, முதற்பலனைக் கொண்டுவந்து ஏலம் விடுவது, அசனப் பண்டிகைக்கு ஊரே கூடிச் சமைப்பது என்று கொடுக்கும் பழக்கம் ஏழை வீடுகளிலும் ஊறியிருந்தது.

குறை வேறு இடத்தில் இருந்தது. தன் ஊர் ஆலயத்துக்குக் கொடுத்தவர்கள், தாங்கள் அறியாத மொழி பேசுகிற மக்களிடம் நற்செய்தியைக் கொண்டுபோவது வெள்ளைக்காரரின் வேலை என்றே நினைத்திருந்தார்கள். நூறு ஆண்டுகள் பெற்றே பழகிய சபைக்கு, அனுப்புகிற சபையாகவும் இருக்கலாம் என்று தோன்றவில்லை.

அசரியா அந்த மண்ணின் பிள்ளை. 1874 ஆகஸ்ட் 17 அன்று வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் கிராமச் சபையின் குருவானவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும், உடல்நலக் குறைவால் தேர்வெழுத முடியாமல் அசரியா பட்டமில்லாமல் வெளியேறினார். பெயருக்குப் பின்னால் எழுத்துகள் சேர்ப்பதையே ஊழியத் தகுதியாக எண்ணுகிற நம் காலத்துச் சபைகளில் அவருடைய விண்ணப்பம் முதல் சுற்றிலேயே கழிந்திருக்கும். 1895இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளரானார். 1898இல் அன்பு மாரியம்மாளை வரதட்சிணை வாங்காமல் மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்பை எட்டிய முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் அன்பு. ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வந்துவிட்டுத் திங்களன்று நகைக் கணக்குப் பேசுகிற வழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆகவே இந்தத் திருமணத்தை வெறும் குடும்பச் செய்தியாகத் தள்ளிவிட முடியாது. பிற்பாடு தோர்னக்கல் மக்களிடம் அவர் கேட்ட ஒழுங்கைத் தன் வீட்டில் அவர் முன்னமே கடைப்பிடித்திருந்தார்.

1902இல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில், கடல் தாண்டித் தமிழகத்துத் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பியிருந்தார்கள். எண்ணிக்கையில் திருநெல்வேலிச் சபை அவர்களைவிடப் பல மடங்கு பெரியது. அந்த ஒப்பீடு அவரை உறுத்தியது. மறு ஆண்டு, 1903 பிப்ரவரி 12 அன்று, பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அதன் அடிப்படை. முதல் ஊழியர் 1904இல் நிஜாம் ராஜ்யத்துத் தெலுங்குப் பகுதிக்குப் போனார். 1905 டிசம்பர் 25 அன்று செராம்பூரில், அங்கு ஊழியம் செய்த ஆங்கில மிஷனெரி வில்லியம் கேரியின் பழைய நூலக அறையில் கூடிய 17 பேர் தேசிய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அதிலும் அசரியாவுக்கு முக்கியப் பங்கு உண்டு.

அனுப்பினவரே போனார்

இந்த நிகழ்வின் முதல் திருப்பம் 1909. அதற்குள் அசரியா நாடறிந்த மனிதர். மாநாடுகளில் பேசுகிறவர், ஷெர்வுட் எடி போன்ற அமெரிக்க நண்பர்களோடு தோளோடு தோள் நின்று பணியாற்றுகிறவர், மிஷனெரி சங்கத்துக்கும் செயலாளர். கூட்டங்களில் எழுந்து நின்று "போகிறவர் யார்?" என்று கேட்கிற இடம் அவருடையது. பிறரை அனுப்புகிற வேலையை நிறுத்திவிட்டுத் தானே அந்தச் சங்கத்தின் ஊழியராகத் தோர்னக்கல்லுக்குப் போக அவர் முடிவு செய்தார். அதே ஆண்டு குருப்பட்டத்துக்கான முதல் படியில் ஏறினார்.

தோர்னக்கல் இன்று தெலங்கானாவின் மஹபூபாபாத் மாவட்டத்தில் இருக்கிறது. சிங்கரேணி நிலக்கரிப் பகுதிக்குக் கிளைப் பாதை பிரிகிற ரயில் சந்திப்பு என்பதைத் தவிர அன்று அந்த ஊருக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மொழி தெலுங்கு, ஆட்சி நிஜாமுடையது. நற்செய்திக்குச் செவிகொடுத்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா சமூகத்தார். ஊருக்கு வெளியே குடியிருந்தவர்கள், நிலக்கிழார்களுக்கு வெட்டிவேலை செய்தவர்கள். முப்பத்தைந்து வயதில் ஒரு தமிழர் புதிய மொழி கற்று அவர்களோடு வாழப் போனார்.

இதைத் தியாகம் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது எளிது. எனக்கு இதில் தெரிவது நேர்மை. ஒரு சங்கத்தின் செயலாளர் அந்தச் சங்கம் கேட்கிற விலையைத் தானும் கொடுத்தார். நம் திருமண்டலங்களில், அதாவது பேராயர் ஒருவரின் ஆளுகைக்கு உட்பட்ட சபைப் பகுதிகளில், ஊழியத்துக்கு ஆள் தேவை என்று மேடையில் முழங்குகிறவர்கள், இடமாற்ற உத்தரவு தங்கள் கைக்கு வந்தால் எந்தக் கதவைத் தட்டுவார்கள் என்பதைச் சபையார் அறிவார்கள்.

நண்பர்கள் வேண்டும்

1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா பேசினார். வந்திருந்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் மேற்கத்தியர். இந்தியாவில் மிஷனெரிக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே நிலவிய உறவை அவர்கள் முன்னிலையிலேயே அவர் திறந்து வைத்தார். ஒதுங்கி நிற்பது, மனம் விட்டுப் பேசாதது, கூலி கொடுப்பவர் – வேலைக்காரர் என்ற தொனி எல்லாம் அந்தப் பேச்சில் வந்தன. முடிக்கும்போது அவர் 1 கொரிந்தியர் 13ஐ எடுத்தார். நீங்கள் உங்கள் ஆஸ்திகளை ஏழைகளுக்கு அன்னதானம் செய்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்றார். அந்த அதிகாரத்தை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த சபைக்கு அதன் மூன்றாம் வசனம் எப்படி முடிகிறது என்பது தெரியும்: "அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை." அவர் அதைச் சொல்லாமல் விட்டார். கேட்டவர்கள் தாங்களே முடித்துக்கொண்டார்கள். அரங்கில் சிலர் முகம் சுளித்தார்கள்.

இந்தப் பேச்சை வெறும் துணிச்சலுக்காக மேற்கோள் காட்டுவார்கள். அதற்கு முன்னும் பின்னும் அவர் செய்ததோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் எடை புரியும். வெள்ளையரின் பணத்தைக் குறை சொன்னவர், இந்தியப் பணத்தில் நடக்கிற சங்கத்தை ஏற்கெனவே நிறுவியிருந்தார். சமமாக நடத்தக் கேட்டவர், தனக்குக் கீழே என்று ஊர் நினைத்த மக்களின் நடுவில் குடியிருந்தார். குற்றச்சாட்டைச் சொல்லும் உரிமையை அவர் உழைத்துப் பெற்றிருந்தார்.

சென்னைப் பேராயர் ஹென்றி வொயிட்ஹெட் அவரைப் பேராயராக்க முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. இந்தியர் ஒருவரின் அதிகாரத்தின் கீழ் ஐரோப்பியர் பணியாற்றுவதா என்ற கேள்வி ஒரு பக்கம். இந்தியக் கிறிஸ்தவர்களிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது. அதில் சாதிக் கணக்கும் இருந்தது. வெள்ளையரின் நிறப் பெருமையைச் சொல்லி முடித்துவிட்டு நம் பங்கை மறைக்கிற வரலாறு பாதி வரலாறு. இறுதியில் சிறிய பரப்பைக் கொண்ட திருமண்டலமாகத்தான் தோர்னக்கல் அவர் கையில் வந்தது. 1920களில் ஆந்திரப் பகுதியின் பழைய மிஷன் களங்களும் அதில் சேர்ந்தபோது, ஆங்கிலக் குருமாரும் அவருடைய மேற்பார்வையின் கீழ் வந்தார்கள்.

கையைத் தலையில் வைத்துச் சொன்னது

இனி வருவதே இந்த ஆய்வின் நடுப்பகுதி. ஒரு மாதிகா குடியிருப்பு சபையில் சேர விரும்பினால் என்ன நடக்கும்? முதலில் ஓர் ஆசிரியர் அங்கே போய்க் குடியேறுவார். வேலை முடிந்து மக்கள் வீடு திரும்பிய பிறகு, இரவில் ஜெபம். வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் கர்த்தருடைய ஜெபமும் விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளைகளும் வாய்மொழியாகக் கற்றுத்தரப்படும். தெலுங்குப் பாட்டும் பஜனையும் இந்தப் படிப்பின் பாடநூல்கள். நீண்ட நாள் கற்ற பிறகே ஞானஸ்நானம்.

ஞானஸ்நானம் பெறுகிறவர்களுக்கு அசரியா ஒரு காரியத்தைக் கட்டாயமாக்கினார். அவரவர் கையை அவரவர் தலையில் வைத்து, அவர் சொல்லச் சொல்லத் திரும்பச் சொல்லவேண்டும்: நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ. இது 1 கொரிந்தியர் 9:16இல் பவுல் தன்னைக் குறித்துச் சொன்னது. நேற்று வரை ஊர்த் தெருவில் செருப்பணிந்து நடக்க முடியாதவர் இன்று அப்போஸ்தலரின் கடமையைத் தன் தலையில் ஏற்கிறார்.

அந்த ஏழைகளிடம் இப்படிக் கேட்பது நியாயமா என்று ஒருவர் கேட்கலாம். அவர்களுக்குக் கஞ்சியும் மருந்தும் பள்ளியும் கொடுத்தால் போதாதா? அசரியா இவற்றையும் கொடுத்தார். அழுக்கு, நோய், கடன், குடி என்ற நான்கையும் எதிரிகளாகப் பெயரிட்டுப் போராடினார். திருமண்டலத்தில் மருந்தகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அச்சகங்களும் இயங்கின. ஆனால் பெறுகிறவராக மட்டுமே ஒருவரை வைத்திருப்பது அவருக்கு அவமதிப்பாகவே பட்டது. திருநெல்வேலியில் அவர் கண்ட குறையும் அதுதானே. நூறு ஆண்டு கழித்துக் கேட்கவேண்டிய கேள்வியை முதல் நாளே கேட்டுவிட்டார்.

1936இல் அமெரிக்க மிஷனெரித் தலைவர் ஜான் மாட்டுடன் பேசும்போது காந்தியடிகள் ஹரிஜனங்களுக்கு நற்செய்தி அறிவிப்பதைப் பசுவுக்குப் பிரசங்கிப்பதோடு ஒப்பிட்டார். புரிந்துகொள்ளும் திறனில் அவர்களில் சிலர் அதைவிடக் கீழே என்றும் சொன்னார். அந்த ஆண்டுகளில் மதமாற்றம் குறித்துக் காந்தியடிகளுக்கும் அசரியாவுக்கும் இடையே எழுந்த பிணக்கு பெரிய கதை, இங்கே முழுவதும் தேவையில்லை. ஒன்று மட்டும் இங்கே பொருந்தும். எழுத்தறியாத மாதிகா கூலியாளுக்குப் பகுத்தறியவும் பொறுப்பேற்கவும் முடியும் என்பதில் தோர்னக்கல் பேராயருக்குத் துளியும் ஐயம் இருக்கவில்லை. அந்த நம்பிக்கையின்மேல்தான் அவர் திருமண்டலத்தையே கட்டினார்.

கேட்டது வாய்ச்சொல்லோடு நிற்கவில்லை. காணிக்கை எல்லாரும் கொடுக்கவேண்டும். காசில்லாதவர் ஒரு படி தானியம் கொண்டுவரலாம், கோழிக்குஞ்சு கொண்டுவரலாம், முட்டை கொண்டுவரலாம். சாட்சி வாரம் என்று ஆண்டில் ஒரு வாரம் குறிக்கப்பட்டது. அந்நாட்களில் சபை மக்கள் கூட்டமாக அயல் கிராமங்களுக்குப் போய்ப் பாடவும் பேசவும் செய்தார்கள். சம்பளக்காரர்தான் ஊழியர் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை.

ஒழுங்கும் அப்படியே. செத்த மாட்டிறைச்சியை விடவேண்டும், கோயில் விழாவில் தப்படிக்கிற கட்டாய வேலையை மறுக்கவேண்டும், குடியை நிறுத்தவேண்டும். சொல்வது எளிது. தப்படிக்க மறுத்த குடும்பத்துக்கு மறுநாள் வயலில் வேலை இருக்காது. ஊர்ப் பெரியவர்களின் கோபத்தை எதிர்கொள்ளப் பேராயர் பக்கத்தில் இருக்கமாட்டார், அவர் மாட்டுவண்டியிலோ சைக்கிளிலோ அடுத்த ஊருக்குப் போயிருப்பார். ஆகவே கிறிஸ்தவ குணம் என்று நாம் பொதுவாகப் பேசுவது, அந்த மக்களுக்குக் கூலி இழப்பாகவும் அடியாகவும் விலை காட்டியது. அதைக் கொடுத்தவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

விளைவு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1920களிலும் 1930களிலும் ஊருக்குள் வாழ்ந்த சாதி இந்துக் குடும்பங்களில் பலர் சபையில் சேர்ந்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் பிரசங்கத்தைவிட அதிகம் அடிபட்டது, சேரியில் தங்கள் கண்முன் நடந்த மாற்றம். குடித்துச் சண்டையிட்டவர்கள் குளித்து உடுத்திப் பாட்டுப் பாடுகிறார்கள், பொய் சொல்லத் தயங்குகிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். யாரைத் தாழ்ந்தவர் என்று எண்ணினார்களோ அவர்களிடமே நற்செய்தியைக் கற்றார்கள்.

1930களின் நடுவில் திருமண்டலத்தில் ஏறக்குறைய 250 இந்தியக் குருமாரும் 2,000க்கும் மேற்பட்ட கிராம ஆசிரியர்களும் இருந்தார்கள். கிறிஸ்தவர் தொகை 2 லட்சத்தைத் தாண்டியது. அன்பு அம்மையார் பெண்கள் ஊழியத்தை நடத்தினார். குருவானவரின் மனைவியும் ஆசிரியரின் மனைவியும் ஆண்களுக்குத் துணை என்ற அளவில் நின்றுவிடாமல் தங்களுக்கென்று வேலை உடையவர்களாக வளர்ந்ததில் அவர் பங்கு பெரியது. ஆனாலும் நம் நினைவுகூட்டங்களில் அவரைப் பற்றி இரண்டு வாக்கியங்களுக்குமேல் கேட்டதில்லை.

1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்ட திருவெளிப்பாட்டுப் பேராலயம் இந்த உழைப்பின் கண்காணும் அடையாளம். குவிமாடம் மசூதியை நினைவூட்டும், தூண்களும் மண்டபமும் கோயிலை நினைவூட்டும். கட்டி முடிக்க ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆனது. ஆசிரியருக்குச் சம்பளமா, ஆலயத்துக்குக் கல்லா என்ற கேள்வி வந்தபோதெல்லாம் கல் காத்திருந்தது என்றே அந்தத் தாமதத்தை நான் படிக்கிறேன்.

தீராமல் நின்றவை

புகழுரையாக இதை முடித்தால் ஆய்வு என்ற பெயர் பொருந்தாது. மாலாக்களும் மாதிகாக்களும் ஒரே திருவிருந்தில் பங்குபெற்றார்கள். ஆனால் ஒரே வீட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கவில்லை. அசரியா சாதியைக் கடுமையாகக் கண்டித்தவர். இளமையிலேயே பள்ளி விடுதிப் பந்தியில் சாதி பிரிப்பதை எதிர்த்தவர். அப்படியும் தன் திருமண்டலத்துக்குள் இரு சமூகங்களுக்கு இடையிலான வேலியை அவரால் பிடுங்க முடியவில்லை. தனிமனிதக் குணத்தை மாற்றுவதில் அவர் முறை வென்ற அளவுக்கு, உறவு முறையை மாற்றுவதில் வெல்லவில்லை.

சுத்தம், அடக்கம், ஒழுங்கு என்று அவர் வகுத்த இலக்கணத்தில் திருநெல்வேலி மிஷன் வளாகத்தின் வாசனை அதிகம். தெலுங்கு மக்களின் பாட்டையும் கூத்தையும் விழாவையும் ஆராதனைக்குள் மனமுவந்து கொண்டுவந்தவர் அவர். எனினும், எது கிறிஸ்தவ ஒழுக்கம் எது வெறும் நாகரிகப் பழக்கம் என்று பிரித்துச் சொல்லும் உரிமை கடைசி வரை பேராயரின் மேசையிலேயே இருந்தது. தந்தையைப் போன்ற அதிகாரம் அன்போடு செலுத்தப்பட்டாலும் அதிகாரம்தான். அவரைப் பின்தொடர்ந்த தலைவர்கள் பலர் அந்த அதிகாரத்தை எடுத்துக்கொண்டு மாட்டுவண்டியை விட்டுவிட்டார்கள் என்பது தென்னிந்தியத் திருச்சபைகளை அறிந்தவர்களுக்குப் புதிய செய்தியல்ல.

பணத்திலும் இடைவெளி இருந்தது. திருநெல்வேலிச் சங்கம் தன் ஊழியரைத் தானே தாங்கியது. ஆனால் பரந்து விரிந்த திருமண்டலத்தின் 2,000 ஆசிரியர்களைத் தாங்க முட்டையும் தானியமும் போதவில்லை. வெளிநாட்டுச் சங்கங்களின் மானியம் தொடர்ந்து தேவைப்பட்டது. கொடுக்கும் பழக்கத்தைக் கற்றுத்தர முடிந்தது, தற்சார்பை எட்ட முடியவில்லை.

மறுபுறம், சபைப் பிரிவுகளைக் குறித்து அவர் எடுத்த நிலைக்கு நீண்ட ஆயுள் இருந்தது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் பல சபைகளைச் சேர்ந்த 33 பேர் கூடினார்கள். இருவர் தவிர எல்லாரும் இந்தியர். மேற்கிலிருந்து இறக்குமதியான பிரிவுகளைத் தாங்கள் சுமக்கத் தேவையில்லை என்று அவர்கள் விட்ட அறிக்கையில் அசரியாவின் கை இருந்தது. அந்தப் பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் நீண்டது. அசரியா 1945 ஜனவரி 1 அன்று தோர்னக்கல்லில் காலமானார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, தோர்னக்கல் அதன் திருமண்டலங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் இன்றும் இயங்குகிறது, ஊழியரைத் தமிழகத்துக்கு வெளியே அனுப்புகிறது. சேகரங்களில் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளில்) அதற்கென்று தனிக் காணிக்கை எடுக்கிறார்கள்.